அப்பாவின் ஆறு ஏக்கரில் சீமைக்கருவை: கரி மூட்டமா, விறகா, வேரோடு பிடுங்குவதா?

கேட்டவர்: முதுகுளத்தூரான்

எல்லாருக்கும் வணக்கம். முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் பட்டா புஞ்சை இருக்கிறது. தாத்தா காலத்தில் மிளகாயும் குதிரைவாலியும் விளைந்த நிலம். அப்பா வெளிநாட்டு வேலைக்குப் போனதிலிருந்து யாரும் உழவில்லை. இப்போது உள்ளே ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சீமைக்கருவை. ஒரு பக்கம் நிலம் கண்மாய்க் கரையைத் தொடுகிறது.

மூன்று விதமாக யோசனை வருகிறது. கரி மூட்டம் போடுகிறவர், அதாவது விறகை மண்ணால் மூடிப் புகையவிட்டுக் கரியாக்குகிறவர், மொத்தமாக ஒரு தொகை பேசி, தூரோடு தோண்டி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மின்சாரத் தொழிற்சாலைக்கு விறகு அனுப்பும் ஏஜென்ட், பச்சையாகவே டன் கணக்கில் எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். சித்தப்பா, ஜேசிபி விட்டு ஒரே வாரத்தில் சுத்தம் பண்ணு, கருவை இருக்கிற காட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். இந்த மரம் வெட்ட வெட்டத் தழைக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம். இதை முறையாக வெட்டி, வருஷா வருஷம் விறகு கொடுக்கிற தோப்பாக வைத்துக்கொள்ள முடியாதா? விறகு எரிப்பதே தப்பு, காட்டை அழிப்பது என்று ஒரு பேச்சு இருக்கிறது. மரம்தான் புதுப்பிக்கக்கூடிய எரிபொருள் என்று இன்னொரு பேச்சு. எது சரி? வீட்டில் கேஸ் இருந்தாலும் அம்மா இன்னும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் வெளியடுப்பில் கருவை விறகுதான் வைக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

பரமக்குடி மெஸ் அக்கா

தம்பி, நிலத்தைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் அடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மதியச் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறேன். சோறும் சாம்பாரும் விறகில்தான்.

முன்னால் மூன்று கல் வைத்த மாதிரி பெரிய வாய் அடுப்பு. முழுக் கட்டையைத் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். பாதித் தீ வெளியே போகும், சுவரெல்லாம் கரி, சமையல்கார அம்மாவுக்குச் சாயங்காலம் ஆனால் கண் எரிந்து தண்ணீர் வடியும். பிறகு அடுப்பை மாற்றிக் கட்டினோம். வாயைச் சின்னதாக்கி, அடியில் இரும்புக் கம்பிச் சட்டம் போட்டு, சாம்பல் கீழே விழவும் காற்று அடியிலிருந்து மேலே வரவும் வழி விட்டோம். அண்டா அடுப்புக்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும். பின்னால் இரண்டாவது குழி, அதற்கும் பின்னால் கூரைக்கு மேலே போகிற புகைபோக்கி. முதல் குழியில் சோறு, பின் குழியில் மிஞ்சுகிற சூட்டிலேயே ரசத்துக்குத் தண்ணீர் கொதித்துவிடும். விறகு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இன்னொன்று, விறகைப் பிளக்க வேண்டும். மணிக்கட்டு தடிமனுக்கு மேல் எதையும் அடுப்பில் வைக்க விடமாட்டேன். புகைபோக்கியில் கரி அடைத்தால் புகை திரும்ப உள்ளேயே வரும், அதனால் அதை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் அம்மாவுக்கு முதலில் இப்படி ஓர் அடுப்பு கட்டிக் கொடுங்கள். வீட்டுக்குள் விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் மாதிரியானவற்றை எரித்துவரும் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. வெளியடுப்பு என்றாலும் குனிந்து ஊதுகிறவர் முகத்துக்கு நேராகத்தானே புகை வருகிறது.

---

கமுதி விறகுக்காரர்

தம்பி, நீங்கள் கேட்டது நான் வாழ்ந்த விஷயம். திருப்பூரில் சாயப்பட்டறை பாய்லரில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தேன், இப்போது ஊரில் விறகு டெப்போ. எரிக்கிற பக்கமும் தெரியும், வெட்டுகிற பக்கமும் தெரியும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விறகு நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எங்கே வெட்டினாய், எவ்வளவு காயவைத்தாய், எதில் எரித்தாய் என்று கேட்க வேண்டும். வெட்டிய தூர் மறுபடி தழைத்து அதே அளவுக்கு வளர்ந்துவிட்டால், எரித்தபோது போன கரியமில வாயுவைத் திரும்ப மரம் வாங்கிக்கொள்கிறது. வளர்வதைவிட அதிகம் வெட்டினால் அது காட்டைத் தின்பதுதான். அவ்வளவுதான் கணக்கு.

முதலில் பச்சை விறகு ஏஜென்ட். அவரிடம் கொடுக்காதீர்கள். அப்போதே வெட்டிய கட்டையில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். நன்றாகக் காய்ந்த கருவை விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி கொடுக்கும். அதே மரம் பச்சையாக இருந்தால் 2,000கூடத் தேறாது, ஏனென்றால் உள்ளே இருக்கிற தண்ணீரை ஆவியாக்கவே ஒரு பங்கு சூடு போய்விடுகிறது. அதற்கும் மேலே, ஈர விறகு போட்டால் அடுப்புச் சூடு இறங்கி, எரியாத வாயு அப்படியே புகையாகப் போகும். பாய்லரில் நின்றவனுக்கு இது கண்ணால் தெரியும். மழைக்காலத்தில் ஈர லோடு வந்தால் சிம்னியில் மஞ்சள் கலந்த கெட்டிப் புகை வரும், பிரஷர் ஏறவே ஏறாது, சாயத் தொட்டியில் இருக்கிறவன் ஸ்டீம் எங்கே என்று கத்துவான். நாங்கள் இன்னும் இரண்டு கட்டை சேர்த்துத் தள்ளுவோம். காய்ந்த விறகில் ஓடவேண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு விறகு செலவாகும். அந்தக் கூடுதல் விறகும் யாரோ ஒருவர் தோப்பில் வெட்டியதுதானே.

எடை போட்டு விலை கொடுப்பதால்தான் இந்தக் கேடு. விற்கிறவனுக்குத் தண்ணீரும் காசு. என் டெப்போவில் நான் ஈரமானி வைத்திருக்கிறேன், இரண்டு ஊசியைக் கட்டையில் குத்தினால் எண் காட்டும் சின்னக் கருவி. பிளந்த முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும், மேல்பட்டையில் குத்தினால் பொய் சொல்லும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒரு விலை, மேலே போனால் வேறு விலை. கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரம் பொத்தென்று கேட்கும். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழலும்.

மின்சாரத்துக்கு விறகு என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. விறகை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் ஒன்றேகால் கிலோ வேண்டும். விறகில் இருக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாக வருகிறது. பத்து மெகாவாட் ஆலை முழு வீச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 300 டன் பக்கம் கேட்கும். அதே விறகை ஒழுங்கான பாய்லரில் சூட்டுக்காக எரித்தால் முக்கால் பங்கு கிட்ட வேலைக்கு வரும். நெல் அவிக்க, சாயம் காய்ச்ச, ஓட்டல் சமையல், தேயிலை காயவைக்க, இதற்கெல்லாம் விறகு சரியான ஆள். வெளிச்சத்துக்கும் ஃபேனுக்கும் நம் மாவட்டத்தில் வெயில் கொட்டிக் கிடக்கிறது. கமுதி பக்கத்திலேயே ஏக்கர் கணக்கில் சோலார் தகடு விரித்திருக்கிறார்களே.

அடுத்து கரி மூட்டம். நம் ஊரில் ஆயிரக்கணக்கான குடும்பம் இதில் சாப்பிடுகிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். மண் மூட்டத்தில் 100 கிலோ காய்ந்த விறகு போட்டால் 15 முதல் 25 கிலோ கரி வரும். நடுவாக 20 என்று வையுங்கள். கரி கிலோவுக்கு 7,000 கிலோ கலோரி. 20 கிலோவுக்கு 1,40,000. போட்ட விறகில் இருந்ததோ 3,50,000. பாதிக்கு மேல் மூட்டத்துக்குள்ளேயே புகையாகப் போய்விட்டது. அந்தப் புகையில் மீத்தேனும் இருக்கிறது. கரி எடை குறைவு, தூரம் அனுப்பலாம், புகையாது, இஸ்திரிக் கடையிலும் பட்டறையிலும் அதற்கு ஈடு இல்லை. அதனால் விற்கிறது. பக்கத்திலேயே விறகாக எரிக்க ஆள் இருக்கும்போது கரியாக்குவது நஷ்டம்.

மூட்டம் போட்டே ஆக வேண்டும் என்றால் தூருக்கு மட்டும் போடுங்கள். தூர் கோணல்மாணலாக இருக்கும், பிளக்க முடியாது, விறகாக யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் தூர்க்கரிக்கு நல்ல மதிப்பு உண்டு. போடுகிறபோது காய்ந்த தூரை இடைவெளி இல்லாமல் அடுக்கி, வைக்கோல் மூடி, மண் பூச வேண்டும். முதலில் வெள்ளைப் புகை கெட்டியாக வரும், அது தண்ணீர். அப்புறம் மஞ்சள் தட்டும். நீலமாக மெலிந்ததும் ஓட்டையை உடனே அடைக்க வேண்டும். அந்த நேரத்தில் தூங்கிப்போனால் கரி சாம்பலாகிவிடும். செங்கல்லில் நிரந்தரமாகக் கட்டிய மூட்டம் இருந்தால் காற்றை அடக்கலாம், கரி கூடுதலாகத் தேறும்.

இப்போது உங்கள் நிலம். ஒரே அடியாக ஜேசிபி விடாதீர்கள். மண்ணுக்குள் விதை குவிந்து கிடக்கும். நிலத்தைப் புரட்டிவிட்டு உழாமல் விட்டால் அடுத்த மழைக்கு நாற்றங்கால் மாதிரி முளைத்து வரும், முன்னைவிட நெருக்கமாக. நீங்கள் உழுது பயிர் வைக்கப் போகிற அளவு மட்டும் தூரோடு எடுங்கள். கண்மாயை ஒட்டிய பகுதியை முதலில் எடுங்கள். அங்கே அது இருக்கவே கூடாது.

மிச்சத்தை நான்கு பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு பாத்தி மட்டும் வெட்டு. ஐந்தாம் வருஷம் முதல் பாத்திக்குத் திரும்ப வரலாம். தை, மாசியில் வெட்டுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, வாள் வைத்துச் சாய்வாக அறுக்க வேண்டும், தண்ணீர் நிற்காமல் வழிய. அரிவாளால் கொத்திக் கிழித்தால் தூர் அழுகும். வெட்டிய தூரிலிருந்து மறுதாம்புக் கிளை பத்துப் பதினைந்து கிளம்பும். நேராக இருப்பதில் இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழியுங்கள். அப்போதுதான் முள் புதராகாமல் மரமாக எழும், விறகும் தடியாக வரும்.

வெட்டியதை உடனே பிளந்து, கல்லோ கட்டையோ வைத்துத் தரையிலிருந்து தூக்கி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம், பக்கவாட்டில் காற்று ஓட வேண்டும். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுகிறார்கள், உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். நம் ஊர் பங்குனி சித்திரை வெயிலுக்கு மூன்று மாதம் போதும். ரொம்ப நாள் வைக்காதீர்கள், கருவைக் கட்டையில் பூச்சி துளைத்து மாவாகக் கொட்ட ஆரம்பிக்கும்.

---

இயற்கை வேளாண் மாணவி

கமுதி ஐயா சொன்ன கணக்குகள் எல்லாம் சரி. ஆனால் சீமைக்கருவையை "விறகுத் தோப்பு" என்று வைத்துக்கொள்ளச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களில் இங்கே கொண்டுவந்து, விறகுப் பஞ்சத்தைப் போக்கும் என்றுதான் பரப்பினார்கள். இன்று கண்மாய், ஊரணி, வரத்துக் கால்வாய் எல்லாம் அதுதான். தமிழ்நாடு அரசே 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கை வெளியிட்டிருக்கிறது.

"பயன்படுத்தியே கட்டுப்படுத்தலாம்" என்று ஆப்பிரிக்காவிலும் சொன்னார்கள். எத்தியோப்பியாவில் அஃபார் பகுதியில் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கரி போட அனுமதி கொடுத்தபோது, கருவையோடு சேர்த்து அந்த மண்ணின் வேல மரங்களையும் வெட்டிக் கரியாக்கிவிட்டார்கள். கென்யாவின் பாரிங்கோவில் கருவைக் காய் தின்று பல் கொட்டிப்போன ஆட்டைச் சாட்சியாக நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்கள். ஒன்றுக்குச் சந்தை வந்துவிட்டால் அதை அழிக்க யாருக்கு மனம் வரும்?

---

ஹட்டன் தொழிற்சாலை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் உலர்த்தும் பகுதியில் வேலை. எங்களுக்கு ஒரு கிலோ தேயிலை காயவைக்க ஒன்றரை, இரண்டு கிலோ விறகு போகும். பழைய சூளை என்றால் இன்னும் கூட. பெரும்பாலும் ரப்பர் மரம், கீழ்நாட்டுத் தோட்டங்களில் மறுநடுகைக்கு வெட்டுவது. அது குறையக் குறைய விலை ஏறும், அப்போது எங்கிருந்து வந்த மரம் என்று கேளாமல் வாங்கும் ஆசை முதலாளிமாருக்கு வரும்.

இங்கே கிளிரிசிடியா என்ற மரத்தை 2005-இல் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தார்கள், தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்தது. கம்பை ஊன்றினாலே வரும். கிளையை வெட்டி விறகுக்கு, இலையை மாட்டுக்கும் பசளைக்கும். தென்னைக்கு இடையிலும் நிற்கும். விவசாயி முழு மரத்தை விற்கத் தேவையில்லை, கிளையை மட்டும் விற்கலாம். தம்பிக்கு மண் உவர் இல்லையென்றால் வேலியோரம் நட்டுப் பார்க்கலாம். காயவைக்கும் விஷயத்தில் கமுதி அண்ணன் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். நாங்கள் விறகைச் சின்னதாகப் பிளந்து கொட்டகையில் அடுக்கத் தொடங்கிய பிறகுதான் செலவு கண்ணுக்குத் தெரிந்து இறங்கியது.

---

கமுதி விறகுக்காரர்

மாணவிக்கு: நீங்கள் பயப்படுவது நியாயம். அஃபாரில் நடந்தது இங்கேயும் நடக்கும், உடை மரத்தையும் வேம்பையும் கருவையோடு கலந்து லோடு அடிக்கிறவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பட்டையைப் பார்த்தால் தெரியாதா? வாங்குகிறவன் கேட்டால்தான் இது நிற்கும்.

கருவையை எப்போதும் வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை, தம்பி அப்படிப் புரிந்துகொள்ள வேண்டாம். இன்றைக்கு நிற்கிற மரம் நிற்கிறது. அதை எரித்தே, அந்தக் காசில் நாட்டு மரத்துக்கு மாறுங்கள் என்கிறேன். ஒவ்வொரு பாத்தி வெட்டும்போதும் அதில் ஒரு பகுதியைத் தூரோடு எடுத்துவிட்டு உடை மரம் வையுங்கள். குடை மாதிரி விரியுமே, நம் கரிசலுக்கும் தேரிச் செம்மணலுக்கும் பிறந்த மரம். காய் ஆட்டுக்கு, நிழல் மனுஷனுக்கு, விறகு அடுப்புக்கு. தாழ்வான, தண்ணீர் நிற்கிற இடத்தில் நாட்டுக்கருவேல். வேலியோரம் வேம்பு, புங்கு. மண்ணும் தண்ணீரும் நன்றாக இருக்கிற ஒரு மூலை இருந்தால் சவுக்கு. கோவையில் வன மரபியல் நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் நல்ல சவுக்கு ரகங்கள் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஆறு ஏக்கர் முழுவதும் சவுக்கு என்று இறங்க வேண்டாம், தண்ணீர் பத்தாது.

மாறி முடிக்கும்வரை காயைக் கவனிக்க வேண்டும். ஆடு காயைத் தின்றால் விதை சாணியோடு வெளியே வந்து முளைக்கும், பரவுவதே அப்படித்தான். காய் பழுத்து மஞ்சளாகி விழும் காலத்தில் ஆட்டை அந்தப் பாத்தியில் விடாதீர்கள். காயைப் பொறுக்கி அரைத்துத் தீவனத்தில் கலந்தால் விதையும் உடைந்துபோகும், ஆட்டுக்கும் சத்து.

---

முதுகுளத்தூரான்

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் மெஸ் அக்கா சொன்ன அடுப்பைப் படித்துக் காட்டினேன், புகைபோக்கி வைத்தால் முதலில் கட்டு என்றுவிட்டார். பச்சை விறகு ஏஜென்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்மாய்ப் பக்கம் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கரைத் தூரோடு எடுக்க மூட்டக்காரரிடம் பேசப் போகிறேன், தூர்க்கரி அவருக்கு. மிச்சம் நான்கு பாத்தி.

இரண்டு கேள்வி. கண்மாய்க் கரையில் நிற்கிற மரம் எங்கள் பட்டாவா, புறம்போக்கா என்று தெரியவில்லை, வெட்டலாமா? காய்ந்த விறகை எங்கே விற்பது?

---

கமுதி விறகுக்காரர்

கரையில் கை வைக்கும் முன் சர்வேயரைக் கூப்பிட்டு எல்லைக்கல் பார்த்துவிடுங்கள். புறம்போக்கு மரம் என்றால் ஏலத்தில்தான் போக வேண்டும், நீங்கள் வெட்டினால் பிரச்சினை. உங்கள் பட்டா என்று தெரிந்த பிறகு மூட்டக்காரரிடம் ஒன்றை மட்டும் எழுதி வாங்குங்கள்: கருவை தவிர வேறு மரம் தொடக் கூடாது. உள்ளே போய் நிற்கிற உடை, வேம்பு எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்துக் காட்டிவிடுங்கள், வெட்ட வந்தவர்களுக்குக் குழப்பம் வராது.

விற்பதற்கு ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபம், அரிசி ஆலை. ஓட்டல்காரர் ஒரு முறை காய்ந்த விறகு எரித்துப் பார்த்துவிட்டால் பச்சைக்குத் திரும்ப மாட்டார், முதல் லோடைக் கொஞ்சம் விலை குறைத்தே கொடுங்கள். பரமக்குடி அக்காவிடமே கேளுங்கள், பக்கம்தான். உடைக் கன்றுக்கு இப்போதே சொல்லிவையுங்கள், ஐப்பசி மழைக்கு நட்டால்தான் பிடிக்கும்.

---

பரமக்குடி மெஸ் அக்கா

பிளந்து, மணிக்கட்டு தடிமனில், தட்டினால் கணீரென்று கேட்கிற மாதிரி கொடுத்தால் மாதம் ஒரு டாடா ஏஸ் லோடு நான் எடுத்துக்கொள்கிறேன். கொண்டுவந்து இறக்கும் முன் நானே தட்டிப் பார்ப்பேன்.